தூக்குகிறது என்பதற்காகக் கமராவைக் கட்டாதீர்கள்

போன கிழமை திரும்பவும் ஒன்று என் மேசைக்கு வந்தது. சாமத்திய வீட்டுப் பந்தலுக்கு மேலே பறந்துகொண்டிருந்த விளையாட்டு ட்ரோன் ஒன்று, அதில் கட்டியிருந்த கமராவோடு சனத்துக்குள் விழுந்திருக்கிறது. பெட்டிக்குள் கறுப்பு ரேப், இரண்டு றப்பர் வளையம், கை முறிந்த உடல், காந்தல் மணத்தோடு ஒரு மோட்டர். இறக்கை பட்டு ஒரு பிள்ளையின் புறங்கையில் தையல் போட வேண்டி வந்ததாம். கொண்டுவந்த தம்பி பிள்ளையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னரே கேட்டது இதைத்தான்: "அண்ணை, இதைத் திருத்தலாமோ? வீட்டு ஹோலுக்க விட்டுப் பாத்தனான், வடிவாத் தூக்கினது."

கமரா கட்டி விழுந்த ட்ரோனோடு வருகிறவர்களில் அநேகமாக எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். தூக்கினது, ஆனபடியால் பறக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. இந்த நம்பிக்கையால் இனி ஒரு பிள்ளைக்கும் காயம் வரக்கூடாது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நெல்மூட்டையை நிலத்திலிருந்து எழுப்புகிற எல்லாராலும் அதோடு வரம்பில் நடந்துவிட முடியாது. நிலத்தை விட்டு எழும்ப ட்ரோனுக்குத் தன் எடையைவிடக் கொஞ்சம் கூடுதலான விசை போதும். எழும்பிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஒவ்வொரு கணமும் அது நான்கு மோட்டரில் ஒன்றைக் கூட்டி, இன்னொன்றைக் குறைத்துத் தன்னை நிமிர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். சுமை கூடி நான்குமே முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தால், கூட்டுவதற்கு மிச்சம் எங்கே? ஹோலுக்குள் காற்று இல்லை, அதனால் தெரியவில்லை. முற்றத்துக்கு வந்ததும் ஒரு பக்கத்தால் காற்று தள்ளும், ட்ரோன் சரியும், சரிந்தது நிமிராது.

கணக்காகவே பார்ப்போம். பற்றரியோடு ட்ரோனின் எடை 150 கிராம், நான்கு மோட்டரும் சேர்ந்து ஆகக்கூடியது 260 கிராம் தூக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிராம் கமரா ஒன்றைக் கட்டினால் மொத்தம் 210. இன்னும் 50 கிராம் கையில் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இந்த வகைச் சின்ன ட்ரோன்களில் இருப்பது பெரும்பாலும் ஒற்றைச் செல் லிதியம் பொலிமர் பற்றரி. முழுச் சார்ஜில் அது 4.2 வோல்ட். சுமையோடு பறக்கப் பறக்க 3.5 வோல்ட் வரை இறங்கிவிடும். வோல்ட் ஆறில் ஒரு பங்கு குறைந்தால், தூக்கும் விசை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. 260 ஆக இருந்தது இப்போது 180. கமராவோடு மொத்த எடையோ 210. இரண்டாவது நிமிடமோ மூன்றாவது நிமிடமோ "தானாக விழுந்தது" என்று சொல்கிறீர்களே, அது இதுதான். அதற்கு மோட்டரிலோ ரிமோட்டிலோ பழுது இருக்க வேண்டியதில்லை.

நான் 60 கிராம் என்று எடுத்தது உங்களுக்குச் சாதகமான கணக்கு. பலர் கட்டும் கோப்ரோ ஹீரோ 9 பிளாக் என்ற அக்ஷன் கமரா ஒன்றின் எடை 158 கிராம். மேலே சொன்ன ட்ரோனைவிடக் கமரா கனம்!

ஆகக்கூடிய தூக்கும் விசை, கமரா உட்பட்ட மொத்த எடையின் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். அதாவது மோட்டர்களின் பாதிப் பலத்திலேயே ட்ரோன் வானில் அசையாமல் நிற்க வேண்டும். ரிமோட் தடியைப் பார்த்து இதை அறியலாம் என்று நினைக்காதீர்கள். இப்போது வரும் விளையாட்டு ட்ரோன்களில் பெரும்பாலானவை உயரத்தைத் தாமே பிடித்துக்கொள்ளும். தடி நடுவில் நிற்க, உள்ளே மோட்டர் உயிரை விட்டுக்கொண்டிருக்கும். இறக்கிப் பற்றரியைக் கழற்றியதும் மோட்டரின் உடலைத் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் சுமை கூடிவிட்டது. உள்ளே உரசி மின்சாரம் கொடுக்கும் பிரஷ் உள்ள இந்தச் சின்ன மோட்டர்கள் சும்மா பறந்தாலே சில மணித்தியாலங்களில் தேய்ந்துபோகிறவை. சுமையோடு அதுவும் இல்லை. மாற்றிப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். போட்டுத் தரலாம், ஆனால் கமரா கட்டுவதற்கென்றால் நான் போட்டுத் தருவதில்லை.

பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் "4கே" பற்றியும் ஒரு சொல். மெமரி கார்ட் போட இடமே இல்லாமல், படம் முழுவதும் வைஃபையில் போனுக்கு வந்து பதிவாகிறதென்றால், அந்த எண்ணை நம்ப வேண்டாம். குறைந்த அளவில் எடுத்த படத்தை இழுத்துப் பெருப்பித்துக் கணக்குக் காட்டுவது இந்த வகையில் சாதாரணம். பிக்சலை விடுங்கள், கமரா எதில் தொங்குகிறது என்று பாருங்கள். மூன்று அச்சிலும் ஆடாமல் பிடிக்கும் கிம்பல் இல்லாவிட்டால், மோட்டர் அதிர்வில் தேர் வடமும் கோபுரமும் தண்ணீருக்குள் தெரிவதுபோல நெளியும். அந்த நெளிவை எடிட்டிங்கில் எடுத்துத் தாருங்கள் என்று என்னிடம் வராதீர்கள். வடிவாக எடுக்க முடியாது.

அப்படியென்றால் எதை வாங்குவது? கொண்டாட்டம், கோயில், வீடு வளவு என்று எடுக்கப்போகிறவர்கள் கமராவையும் கிம்பலையும் சேர்த்தே வடிவமைத்த ட்ரோனை வாங்குங்கள். டிஜேஐ மினி 2 இன் எடை 249 கிராம்தான், ஆனால் அந்த எடைக்குள்ளேயே கமராவும் அடக்கம். இருக்கும் அக்ஷன் கமராவைத்தான் ஏற்ற வேண்டும் என்றால், ஐந்து அங்குல இறக்கையும் பிரஷ் இல்லாத மோட்டரும் உள்ள ட்ரோன் வேண்டும். அதற்குப் பலம் தாராளம். ஆனால் பெரும்பாலும் தானாக ஓரிடத்தில் நிற்காது. ஓட்டப் பழகாதவர் கைக்கு அது ஆபத்தான சாமான். ஒற்றை இறக்கை ஹெலிகொப்டரைப் படமெடுக்க என்று வாங்கவே வேண்டாம்.

வயல்வெளி, கடற்கரை, உப்பளம் என்று அகலமாக எடுக்க விரும்புகிறவர்களுக்கு ரிமோட்டில் ஓட்டும் நுரைப் பிளேனும் நல்லதுதான். இங்கே அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு ஒரு கவலை. இறக்கை மேலே வைத்து, புரொப்பெல்லர் பின்னால் இருந்து தள்ளும் வகையை எடுங்கள். முன்னால் கமராவுக்கு மறைப்பு இருக்காது, மூக்கு குத்தினாலும் புரொப்பெல்லர் தப்பும். 1.4 மீற்றர் அளவு இறக்கை என்றால் மெதுவாகவும் மிதந்து போகும். கமராவை மூக்கில் வைத்தால் பற்றரியைப் பின்னுக்குத் தள்ளிச் சமப்படுத்துங்கள். பொதுவாக இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே இரண்டு விரலால் தாங்கினால் மட்டமாக நிற்க வேண்டும். வால் கீழே தொங்கினால் பறக்கவிட எறியாதீர்கள். அது எழும்பி, நின்று, கவிழும்.

இனி நம்முடைய காற்று. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகம் அடிக்கிற ஊரில், நல்லூர்த் திருவிழாவும் அந்தக் காற்றுக்குள்ளேயே வருகிற ஊரில், காற்றைப் பார்க்காமல் ட்ரோன் வாங்குகிறார்கள். மினி 2 தாங்கும் என்று சொல்லப்படுவது செக்கனுக்கு 8.5 முதல் 10.5 மீற்றர் வரையான காற்றை. சாதாரண நிலையில் அதன் ஆகக்கூடிய வேகமும் செக்கனுக்கு 10 மீற்றர்தான். நிலத்தில் இதமாக இருக்கும் காற்று பனை உயரத்துக்கு மேலே பலமாக இருக்கும். காற்றோடு போனது திரும்பி வர முடியாமல் நின்ற இடத்திலேயே நின்று, பற்றரி முடிந்து, பண்ணைக் கடலுக்குள் இறங்குவது இப்படித்தான். எப்போதும் முதலில் காற்றுக்கு எதிராகப் போங்கள், திரும்பும்போது காற்று உங்களைக் கொண்டுவரட்டும். பாதிப் பற்றரியில் திரும்புங்கள், இருபது வீதம் வரை காத்திருக்காதீர்கள்.

சிக்னல் போனால் ட்ரோன் தானாகத் திரும்பி வரும் உயரத்தை (வீடு திரும்பும் உயரம்) பறக்க முன்னர் சரிபாருங்கள். பனை 30 மீற்றர் வரை வளரும். அதற்குக் கீழே வைத்திருந்தால், சிக்னல் போனதும் ட்ரோன் நேரே ஓலைக்குள்தான் வரும். கருக்கு மட்டையில் கிழிபட்ட இறக்கையை ஒட்டிப் பாவிக்காதீர்கள், மாற்றுங்கள். கடனீரேரிக்கு மேலே பதிவாகப் பறக்க வேண்டாம். கீழ்ப்பக்கச் சென்சர் அசையும் தண்ணீரை நிலமென்று பிழையாக எடுக்கும், ட்ரோன் மெல்ல மெல்ல இறங்கும். கசூரினாக் கடற்கரையில் மணலிலிருந்து நேரே எழுப்பாதீர்கள், மோட்டருக்குள் மணல் போகும். பனையோலைப் பாய் ஒன்றை விரித்து நாலு மூலைக்கும் கல்லு வைத்தால் போதும். தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைப் பக்கம் எழுப்பவே வேண்டாம். பட்ட நூல் உங்கள் திரையில் தெரியாது. ஊதின பற்றரியைச் சார்ஜ் போடாதீர்கள், இரவு போட்டுவிட்டுப் படுக்காதீர்கள். சனத்தின் தலைக்கு மேலே, எந்த ட்ரோனாக இருந்தாலும், வேண்டாம். மணமக்களின் நேர் மேலே நின்று எடுக்கச் சொல்லி வீட்டுக்காரர் கேட்பார்கள். முடியாது என்று சொல்லப் பழகுங்கள், பக்கவாட்டில் தள்ளி நின்று எடுத்தாலே வடிவு.

அனுமதி விஷயத்தில் வெளிநாட்டு யூடியூப்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 250 கிராம் என்ற எல்லை அமெரிக்கா போன்ற நாடுகளின் பதிவுச் சட்டத்திலிருந்து வந்தது. இங்கே சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடம் கேட்டு, அவர்கள் சொல்வதுபோல் செய்யுங்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுவதும் ட்ரோன் பறப்பதையே நிறுத்தி வைத்திருந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. பலாலிப் பக்கமும், முகாம்கள் உள்ள இடங்களிலும் விளையாட்டுக்குக்கூட எழுப்பாதீர்கள்.

கனடாவிலும் சுவிசிலும் இருக்கிற மாமாமார், சித்திமாரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு ஆசையாகத்தான் வாங்குகிறீர்கள், அது எனக்குத் தெரியும். பெட்டியைச் சூட்கேசில் வைக்க முன்னர் இங்கே கொண்டுவர என்ன அனுமதி வேண்டும் என்று விசாரியுங்கள், இல்லாவிட்டால் கட்டுநாயக்கா சுங்கத்தோடு நின்றுவிடலாம். பத்து வயதுப் பிள்ளைக்கென்றால், இறக்கையைச் சுற்றிக் காப்பு வளையம் உள்ள, உள்ளங்கை அளவு ட்ரோனை வாங்குங்கள், கமரா வேண்டாம். படம் எடுக்கத்தான் என்றால், ட்ரோனோடு மேலதிகமாக இரண்டு சோடி இறக்கையும் இன்னொரு பற்றரியும் சேர்த்து அனுப்புங்கள். யாழ்ப்பாணத்தில் அந்த மொடலுக்குச் சாமான் கிடைக்குமா என்று இங்கே யாரையாவது முதலில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.