செம்பு வெட்டாத தீவிலிருந்து செம்பு வந்த கதை

இலங்கையில் செம்பு வெட்டியெடுக்கும் சுரங்கம் கிடையாது. பாமாயில் தரும் எண்ணெய்ப் பனையும் அங்கே பெரிய பயிர் இல்லை. ஆனாலும் 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தத் தீவு இந்தியாவுக்கு அனுப்பிய சரக்கின் மதிப்பில் ஏறக்குறைய பாதி செம்பும், பாமாயிலை இறுகவைத்துச் செய்யும் வனஸ்பதியும்தான். பெயர்போன தேயிலையும் கருவாப்பட்டையும் பின்னுக்குப் போய்விட்டன. கடத்தல் எதுவும் இல்லை; எல்லாம் சான்றிதழோடு, சுங்கத்துறையின் முத்திரையோடு வந்தவை.

இரு நாடுகளும் 1998 டிசம்பர் 28 அன்று தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2000 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது இந்தியப் பொருளாதாரம் இலங்கையைப்போல் கிட்டத்தட்ட 30 மடங்கு. அதனால் சலுகையும் சமமாக இல்லை. இந்தியா 3 ஆண்டுகளில் வரியை நீக்க வேண்டும், இலங்கைக்கு 8 ஆண்டு அவகாசம். வரிச்சலுகையே கிடையாது என்று ஒதுக்கிவைத்த பட்டியலில் இந்தியா 429 பொருட்களை வைத்தது. இலங்கை சுமார் 1,180 பொருட்களை வைத்துக்கொண்டது. சிறிய நாட்டுக்கு நல்ல பேரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் ஒரு முடிச்சு எப்போதும் இருக்கும். இரு நாடுகளும் தங்களுக்கிடையே வரியை எடுத்துவிடுகின்றன. மூன்றாம் நாட்டுச் சரக்குக்கு அவரவர் வரி அவரவரிடமே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வெளிவரி எல்லோருக்கும் ஒன்றே, அங்கே இந்தச் சிக்கல் எழாது. இங்கே அப்படியில்லை. கச்சா பாமாயிலுக்கு இந்தியா போட்ட வரி 2005-ல் 80 சதவீதம் வரை போனது. இலங்கையில் அது மிகக் குறைவு. மலேசிய எண்ணெயைக் கொழும்பில் இறக்கி அப்படியே இந்தியாவுக்கு ஏற்றிவிட்டால் இந்தியாவின் வரிச்சுவருக்கு அர்த்தமே இல்லை.

அதைத் தடுக்கத்தான் பிறப்பிட விதிகள். ‘இது இலங்கைச் சரக்கு’ என்று சொல்ல, வெளிநாட்டு மூலப்பொருளில் செய்த பண்டம் இரண்டு தேர்வுகளில் தேற வேண்டும். முதல் தேர்வு, பெயர் மாற்றம். உலகச் சுங்கத்துறைகள் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பொது எண் வைத்திருக்கின்றன. உள்ளே போன பொருளுக்கும் வெளியே வரும் பொருளுக்கும் அந்த எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் வேறாக இருக்க வேண்டும். பாமாயில் 1511. அதில் நிக்கல் வினையூக்கியோடு ஹைட்ரஜனைச் செலுத்தினால் இறுகி வனஸ்பதியாகும், அது 1516. காயலாங்கடைச் செம்பு 7404. உருக்கிச் சுத்திகரித்து வார்த்தால் 7403. தேறியாயிற்று.

இரண்டாவது தேர்வு கணக்கு. ஏற்றுமதி விலை 100 ரூபாய் என்றால், அதில் வெளிநாட்டு மூலப்பொருளின் பங்கு 65-ஐத் தாண்டக் கூடாது. மீதி 35 உள்நாட்டில் சேர்ந்த மதிப்பு. (ஏற்றுமதி விலையில் இந்திய மூலப்பொருளின் பங்கு 10 சதவீதம் இருந்தால் 25 போதும்.) காகிதத்தில் கறாராகத் தெரியும் விதிதான். ஆனால் எண்ணெயை இறுகவைக்கவோ செம்பை உருக்கவோ அவ்வளவு செலவாகாது. பிறகு 35 எங்கிருந்து வந்தது?

செம்பில் வழி சுலபம். 80 ரூபாய்க்கு வாங்கிய கழிவை 60 என்று கணக்கில் எழுதினால் கூட்டிய மதிப்பு 40 ஆகிவிடும். கழிவின் விலையை இப்படிக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்று இந்தியத் தரப்பு புகார் சொன்னது.

வனஸ்பதியில் பொய்க் கணக்கே தேவையில்லை. எனக்கு இந்த இடம்தான் சுவாரசியம். ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். எண்ணெய் 62 ரூபாய், ஆலைச் செலவு 8, அடக்கம் 70. அதே எண்ணெயை இந்திய ஆலைக்காரர் 80 சதவீத வரியோடு வாங்கினால் கிட்டத்தட்ட 112, செலவோடு 120. இலங்கைக்காரர் 100-க்கு விற்றாலே இந்தியச் சந்தையில் மலிவு. அவர் விலையில் எண்ணெயின் பங்கு 62 சதவீதம்தான். மீதி 38-உம் ‘கூட்டிய மதிப்பு’. அதில் 30 ரூபாய் வெறும் லாபம். அந்த லாபத்தைத் தந்தது யார்? இந்தியாவின் வரி. எந்த வரியைக் காக்க விதி வந்ததோ, அந்த வரியே விதியைத் தாண்ட ஏணி போட்டுக் கொடுத்தது. சும்மாவா இந்திய முதலீட்டாளர்களே கடல் கடந்துபோய் அங்கே வனஸ்பதி ஆலைகளைத் திறந்தார்கள்?

1999-ல் 5 கோடி டாலரைத் தொடாத, இந்தியாவுக்கான இலங்கையின் ஏற்றுமதி 2005-ல் 50 கோடி டாலரைத் தாண்டியது. இந்திய வனஸ்பதி ஆலைகள் கூச்சலிட, 2006-ல் ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று உச்சவரம்பு வந்தது. வரம்பு புதிதல்ல. தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ, ஆயத்த ஆடைக்கு 80 லட்சம் உருப்படி, அதிலும் 60 லட்சம் இந்தியத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே இருந்தது. தாராளம் எங்கே நிற்கிறது என்பது இங்கேதான் தெரியும்: தீவு உண்மையிலேயே நன்றாகச் செய்யும் பொருட்களுக்குத்தான் பூட்டு கெட்டியாக இருந்தது.

கடைசியில் வனஸ்பதியை முடித்துவைத்தது உச்சவரம்பும் அல்ல. உலகெங்கும் உணவு விலை ஏறிய 2008-ல், உள்ளூர் விலைவாசியை அடக்க இந்தியா கச்சா சமையல் எண்ணெய் வரியைச் சுழியாக்கியது. மேலே போட்ட கணக்கில் 80 சதவீதத்தை 0 ஆக்கிப் பாருங்கள்: இந்திய ஆலையின் அடக்கமும் 70-தான். லாபம் போனது, அப்புறம் தீவில் ஆலைகளுக்கு வேலை இல்லை. இலங்கையை மனதில் வைத்து எடுத்த முடிவே அல்ல அது.

மிளகு வேறு ரகம். விளைபொருளுக்குச் சுங்க எண் மாற்றும் வித்தை பலிக்காது. அந்த மண்ணில் விளைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் சந்தேகம் சான்றிதழ் மீதே திரும்பியது. வியட்நாம் மிளகு இலங்கைப் பெயரில் வருகிறது என்று கேரள, கர்நாடக விவசாயிகள் குரல் எழுப்பினார்கள். எந்த மணி எந்த மண்ணில் விளைந்தது என்று துறைமுகத்தில் பிரித்தறிவது எளிதல்ல. 2017 டிசம்பரில் இந்தியா வேறு வழியில் போனது: பிறப்பிடத்தைக் கேட்காமல், கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகு எதுவும் இறக்குமதியாகக் கூடாது என்றது. இலங்கையில் கொடியில் பறித்த அசல் மிளகுக்கும் அதே 500-தான்.