ரூபாய் சரிந்தால் நம் சம்பளம் கூடுகிறதா?

ரூபாயின் மதிப்பு சரிந்தது என்ற செய்தி வந்தால் போதும், அமீரகத்தில் உள்ள எக்ஸ்சேஞ்ச் கடைகளின் வாசலில் வரிசை நீண்டுவிடும். 2015ஆம் ஆண்டில் ஒரு திர்ஹாமுக்குச் சராசரியாக 17 ரூபாய் 40 காசு அளவில் கிடைத்தது. 2025 டிசம்பரில் அது 24 ரூபாயைத் தாண்டியது. மாதம் 2,000 திர்ஹாம் அனுப்பும் ஒருவரின் வீட்டுக்கு அன்று ஏறத்தாழ 35,000 ரூபாய் போய்ச் சேர்ந்தது, இப்போது 48,000 ரூபாய்க்கு மேல் போகிறது. இதைச் சம்பள உயர்வாகவே கருதி, அதை நம்பி ஊரில் புதிய கடமைகளை ஏற்றுக்கொள்பவர்கள் பலர். துபாயிலும் ஷார்ஜாவிலும் தமிழ்க் குடும்பங்களின் வரவு செலவைப் பார்த்து ஆலோசனை சொல்லும் கணக்காளன் என்ற முறையில், கடனில் சிக்கி என்னிடம் வருபவர்களின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் இந்த எண்ணத்தில்தான் சிக்கலின் தொடக்கம் இருக்கிறது.

கணக்கைச் சற்று நிதானமாகப் போட்டுப் பார்க்கலாம். பத்தாண்டில் திர்ஹாமின் ரூபாய் மதிப்பு ஏறக்குறைய 40 சதவீதம் கூடியிருக்கிறது. இந்திய ரிசர்வ் வங்கிக்கு வகுக்கப்பட்டுள்ள பணவீக்க இலக்கு ஆண்டுக்கு 4 சதவீதம். அந்த இலக்கின்படியே விலைவாசி ஏறியிருந்தாலும் பத்தாண்டில் அது 48 சதவீதமாகப் பெருகியிருக்கும். 2020, 2022 போன்ற ஆண்டுகளில் பணவீக்கம் 6 சதவீத உச்ச வரம்பையே தாண்டியது என்பதையும் சேர்த்தால், உண்மையான ஏற்றம் இன்னும் அதிகம். ஆக, மாற்று விகிதத்தில் கிடைத்த கூடுதல் தொகை ஊரின் விலைவாசிக்கே போதவில்லை. இந்தப் பக்கம் வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஏறியதற்கு அதிலிருந்து ஒரு ஃபில்ஸும் வராது, ஏனென்றால் அவற்றைத் திர்ஹாமில்தான் கட்ட வேண்டும்.

அதனால் என்னிடம் வருபவர்களை நான் முதலில் செய்யச் சொல்வது, திர்ஹாம் கணக்கையும் ரூபாய் கணக்கையும் தனித்தனி ஏட்டில் எழுதுவதுதான். இங்கே ஒரு தேநீரின் விலையைக்கூட 24ஆல் பெருக்கிப் பார்த்துப் பெருமூச்சு விடும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அது வாயைக் கட்ட உதவுமே தவிர, வரவு செலவுத் திட்டத்துக்கு உதவாது. திர்ஹாமில் வரும் சம்பளத்திலிருந்து திர்ஹாமில் ஆகும் செலவைக் கழித்து, எஞ்சுவது எவ்வளவு என்பதே முதல் ஏடு. ஊருக்கு எவ்வளவு அனுப்புவது என்பதை அந்த எச்சம்தான் முடிவு செய்ய வேண்டும், அன்றைய ரேட் அல்ல.

திர்ஹாம் ஏட்டில் சில செலவுகள் நம் கையில் இல்லை. 2015 ஆகஸ்டில் எரிபொருள் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதிலிருந்து பெட்ரோல் விலை மாதந்தோறும் மாறுகிறது. 2022 ஜூலையில் சூப்பர் 98 லிட்டருக்கு 4 திர்ஹாம் 63 ஃபில்ஸ் வரை போனது. 2018 முதல் 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி இருக்கிறது. நம் சமையலறையைப் பொறுத்தவரை விலையை ஏற்றுவது பல நேரங்களில் இந்தியாவேதான். 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி வந்தது. டிசம்பரில் வெங்காய ஏற்றுமதி நிறுத்தப்பட்டு அடுத்த மே மாதம் வரை அந்தத் தடை நீடித்தது. கராமாவின் மளிகைக் கடையில் பொன்னி மூட்டையின் விலை ஏறியதற்குக் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. இத்தகைய ஏற்றங்கள் வந்து போகும். அவற்றுக்காகச் சேமிப்பை உடைக்காமல் சில மாதம் பொறுத்துக்கொள்வதே சரி.

வாடகை அப்படியல்ல. குடும்பத்தோடு இருப்பவர்களுக்குச் சம்பளத்தில் பெரும் பங்கைத் தின்பது அதுதான், ஆனால் சட்டம் நமக்குத் துணை நிற்கும் இடமும் அதுதான். துபாயில் வீட்டுக்காரர் தம் விருப்பப்படி வாடகையை ஏற்ற முடியாது. 2013ஆம் ஆண்டின் 43ஆம் எண் ஆணைப்படி, நீங்கள் கொடுக்கும் வாடகை அந்தப் பகுதியின் சராசரியைவிட 10 சதவீதம் வரை குறைவாக இருந்தால் ஒரு திர்ஹாம்கூட உயர்த்தக் கூடாது. 11 முதல் 20 சதவீதம் குறைவாக இருந்தால் உச்ச உயர்வு 5 சதவீதம். அதற்கு மேல் படிப்படியாக 10, 15 என்று போய், 40 சதவீதத்துக்கு மேல் குறைவாக இருந்தால் மட்டுமே 20 சதவீதம். ஓர் எடுத்துக்காட்டு: ஆண்டு வாடகை 50,000, சராசரி 60,000 என்றால் வித்தியாசம் 16.7 சதவீதம். ஆகவே வீட்டுக்காரர் கேட்கக்கூடியது அதிகபட்சம் 2,500 திர்ஹாம். சந்தையில் 60,000 போகிறது, அதையே கொடுங்கள் என்று ஏஜென்ட் சொன்னதும் தலையாட்டிவிட்டுக் காசோலை எழுதிக் கொடுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சராசரி எவ்வளவு என்பதைத் துபாய் நிலத்துறையின் வாடகைக் குறியீட்டில் எவரும் பார்த்துக்கொள்ளலாம். 2025 ஜனவரி முதல் அது கட்டடத்தின் தரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மேலும், ஒப்பந்தம் முடிய 90 நாட்களுக்கு முன்பே உயர்வை அறிவிக்க வேண்டும். கடைசி மாதத்தில் வாட்ஸப்பில் வரும் செய்தியை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. பேச்சு முற்றினால் வாடகைத் தகராறு மையத்துக்குப் போகலாம். அதற்குக் கட்டணம் ஆண்டு வாடகையில் 3.5 சதவீதம். இவை எல்லாவற்றுக்கும் எஜாரி, அதாவது வாடகை ஒப்பந்தத்தின் அரசுப் பதிவு, உங்கள் பெயரில் இருப்பது முக்கியம். உள்வாடகைக்கு இருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு அநேகமாகக் கிடைக்காது.

வாடகை தாங்காமல் ஷார்ஜாவுக்கு மாறுவது பழைய வழி. அங்கே 2024ஆம் ஆண்டின் சட்டப்படி, குடியிருப்பவர் சம்மதித்தாலன்றி ஒப்பந்தம் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கு வாடகையை ஏற்ற முடியாது என்பது பெரிய நிம்மதி. ஆனால் மிச்சமாகும் வாடகையில் எவ்வளவு சாலையில் கரைகிறது என்பதையும் எழுதிப் பார்க்க வேண்டும். 2025 ஜனவரி 31 முதல் நெரிசல் நேரத்தில் துபாயின் சாலிக் என்ற சாலைச் சுங்கக் கட்டணம் 4 திர்ஹாமிலிருந்து 6 திர்ஹாமாக உயர்ந்தது. ஒரே ஒரு வாயிலைக் காலையிலும் மாலையிலும் கடப்பவருக்கு, மாதத்தில் 22 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால், 176 திர்ஹாமாக இருந்த செலவு 264 ஆகிறது. ஷார்ஜாவையும் துபாயையும் இணைக்கும் இத்திஹாத் சாலையில் தினமும் போகும் நேரத்துக்கு என்ன விலை என்பதை அவரவர்தான் சொல்ல வேண்டும்.

இனி, ரேட் ஏறும் நாளில் நடக்கும் ஒரு காரியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கையில் பணம் இல்லாதபோதும், இந்த ரேட்டை விடக் கூடாது என்று கிரெடிட் கார்டிலிருந்து ரொக்கம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். திர்ஹாமுக்கு 50 காசு கூடுதலாகக் கிடைக்கிறது என்றால், 24 ரூபாயில் அது 2 சதவீதம். கார்டில் ரொக்கம் எடுப்பதற்கான கட்டணமே வழக்கமாக 3 சதவீதம் அளவில் இருக்கிறது. எடுத்த நாள் முதல் வட்டியும் ஓடத் தொடங்குகிறது. அனுப்பும் முன்பே நட்டம் முடிவாகிவிட்டது. எடுத்தது 10,000 திர்ஹாம் என்றால், பிறகு அது கார்டில் கடனாக நிற்கிறது. மாதம் 3 சதவீத வட்டி என்றால் 300 திர்ஹாம். குறைந்தபட்சத் தொகையாக 500 கட்டினால் அசலில் கழிவது 200 மட்டுமே. வங்கியின் செய்தியில் பணம் செலுத்தப்பட்டது என்று வருவதால் கடன் குறைகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். தனிநபர் கடனுக்கு மத்திய வங்கி வரம்பு வைத்திருக்கிறது: சம்பளத்தைப் போல் 20 மடங்குக்கு மேல் கூடாது, 48 மாதங்களுக்குள் முடிய வேண்டும், எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அந்தப் பாதி என்பது சட்டத்தின் எல்லை. வாடகை கட்டும் குடும்பத்துக்கு அது மூச்சு முட்டும் அளவு. வங்கி வழியில்லாமல் பணம் அனுப்பும் உண்டியல்காரர் தரும் கூடுதல் ரேட்டைப் பற்றியும், அறைத் தோழர்கள் நடத்தும் திர்ஹாம் சீட்டைப் பற்றியும் ஒரு வரி போதும்: முன்னது இந்தியாவில் சட்டவிரோதம், பதிவு இல்லாமல் நடத்தினால் இங்கும் குற்றம்; பின்னதில் பணம் போனால் கேட்க இடமில்லை.

நெருக்கடி முற்றும்போது குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்பார்கள். அனுப்பினால் வாடகை மிச்சம் என்பது பாதிக் கணக்கு. கணவருக்கு இங்கே ஒரு பெட் ஸ்பேஸ், அதாவது பலர் பகிரும் அறையில் ஒரு படுக்கை, வேண்டும். 2025 ஜூனில் ரிக்கா, முரக்கபாத், சத்வா, பர்ஷா முதலிய பகுதிகளில் அனுமதியில்லாத தடுப்பறைகளுக்கு எதிராகத் துபாய் மாநகராட்சி நடவடிக்கை எடுத்த பிறகு மலிவான இடம் கிடைப்பது கடினமாகிவிட்டது. ஊரில் இன்னொரு குடித்தனம், பள்ளியில் புதுச் சேர்க்கை, ஆண்டுக்கு ஒரு முறையாவது விமானப் பயணம் என்று எல்லாவற்றையும் எழுதிய பிறகும் மிச்சம் இருந்தால் மட்டுமே அது வழி. அப்படி முடிவெடுத்தாலும், இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஏப்ரலில் ஆண்டு தொடங்குவதால் மார்ச் வரை பொறுப்பது நல்லது. நடுவில் அனுப்பினால் கட்டணம் இரு பக்கமும் போகும்.

ரூபாய் ஏட்டை எழுத வேண்டியவர் ஊரில் இருக்கும் மனைவியோ பெற்றோரோதான். வெளிநாட்டில் இருப்பவரின் மனத்தில் ஊரின் விலைவாசி, அவர் கடைசியாக விடுப்பில் போன நாளோடு நின்றுவிடுகிறது. 2022இல் மட்டும் தமிழ்நாட்டில் செப்டம்பரில் மின் கட்டணம் உயர்ந்தது. நவம்பரில் ஆவின் ஆரஞ்சு நிற பாக்கெட் பால் லிட்டருக்கு 48 ரூபாயிலிருந்து 60 ரூபாயானது. அனுப்பும் பணம் எங்கே போகிறது என்று தொலைபேசியில் கோபப்படுபவர்களிடம், பால், சிலிண்டர், அப்பாவின் சர்க்கரை மாத்திரை, கொத்தனார் கூலி என்று நான்கு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள் என்பேன். சண்டை பாதியாகக் குறையும். சேமிப்பிலும் அதே பிரிவினை வேண்டும். ஊரில் செலவாகப் போகும் பணத்தை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ வைப்பில் ரூபாயாக வைக்கலாம், இந்தியாவில் அதன் வட்டிக்கு வரி இல்லை. பிள்ளையின் கல்லூரிப் படிப்பு இங்கேயோ வேறு நாட்டிலோ என்றால், ரூபாயின் வட்டி கூடுதல் என்பதற்காக மாற்றிவிடாமல், டாலரிலேயே வைக்கும் எஃப்சிஎன்ஆர் வைப்பைப் பார்ப்பது நல்லது. திர்ஹாம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருப்பதால், நமக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

செலவைக் குறைப்பதைப் பற்றியே பேசும் நாம், வரவின் அமைப்பைக் கவனிப்பதில்லை. ஒப்பந்தத்தில் மொத்தச் சம்பளம் 7,500 என்று இருக்கும். அதில் அடிப்படைச் சம்பளம் 3,000, மற்றவை படிகள். விலைவாசிக்காக நிர்வாகம் 500 திர்ஹாம் உயர்த்தும்போது அதைப் படியில் சேர்ப்பதே வழக்கம். கையில் வருவது ஒன்றுதானே என்று ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் பணிக்கொடை கடைசியாகப் பெற்ற அடிப்படைச் சம்பளத்தின் மீது கணக்கிடப்படுகிறது: முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதன் பிறகு ஆண்டுக்கு 30 நாள். பத்தாண்டு பணிக்கு அது 255 நாள், அதாவது எட்டரை மாத அடிப்படைச் சம்பளம். 3,000 என்றால் 25,500 திர்ஹாம். அந்த 500 அடிப்படையில் சேர்ந்திருந்தால் 29,750. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மொத்தத்தை உயர்த்த முடியாது என்று சொல்லும் நிறுவனத்திடம்கூட, படியில் ஒரு பகுதியை அடிப்படைக்கு மாற்றித் தரக் கேட்கலாம். மறுப்பவர்கள் உண்டு, ஆனால் கேட்டவர்களே குறைவு.

வேலை போனால் கிடைக்கும் காப்பீடும் இதே அடிப்படைச் சம்பளத்தைத்தான் பார்க்கிறது. 2023 முதல் கட்டாயமாக உள்ள வேலையிழப்புக் காப்பீட்டில், அடிப்படைச் சம்பளம் 16,000 வரை உள்ளவர் மாதம் 5 திர்ஹாம் கட்டுகிறார். தொடர்ந்து 12 மாதம் கட்டியிருந்து, தாமாக ராஜினாமா செய்யாமல் வேலை இழந்தால், அடிப்படையில் 60 சதவீதம் அதிகபட்சம் மூன்று மாதங்களுக்குக் கிடைக்கும். 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 3,000 அடிப்படைக்கு அது மாதம் 1,800 திர்ஹாம். ஷார்ஜாவில் ஒரு குடும்பத்தின் வாடகைக்கே அது போதாது. அதனால்தான், மூன்று மாதச் செலவுக்கான திர்ஹாம் இங்குள்ள வங்கிக் கணக்கில் சேரும் வரை, ரேட் எவ்வளவு ஏறினாலும் வழக்கமான தொகைக்கு மேல் ஊருக்கு அனுப்ப வேண்டாம் என்று என்னிடம் வருபவர்களிடம் சொல்கிறேன்.