ஷாட்புட்டும் ஹேமரும் நாலு கிலோ குண்டுதான், அப்புறம் ஏன் ஹேமர் மட்டும் 80 மீட்டர் போகுது?

2025 செப்டம்பர்ல டோக்கியோ உலகத் தடகளப் போட்டில கனடாவோட கேம்ரின் ரோஜர்ஸ் ஹேமர, அதாவது கம்பில கோத்த இரும்புக் குண்ட, 80.51 மீட்டர் வீசி தங்கம் வாங்கினாங்கல்ல, அந்த வீடியோவ எங்க காரைக்குடி வீட்டு முகப்புல உக்காந்து அண்ணன் மக திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டே இருந்தா. பத்தாவது படிக்கிறா, ஸ்கூல்ல ஷாட்புட் போடுறவ. "அத்தை, பெரிய பொம்பளைங்க போடுற ஷாட்புட்டும் நாலு கிலோதான், ஹேமரும் நாலு கிலோதான், அது ஏன் இருபது மீட்டர்லயே விழுது, இது மட்டும் எண்பது போகுது?"ன்னு கேட்டா.

சரியான கேள்வி. பெண்கள் ஷாட்புட் உலக சாதனை 22.63 மீட்டர், 1987-ல சோவியத் யூனியனோட நடால்யா லிசோவ்ஸ்கயா போட்டது. ஹேமர்ல 82.98, 2016-ல போலந்தோட அனிதா வ்லோடார்சிக். எடை ஒண்ணுதான், தூரம் மூணரை மடங்குக்கு மேல. வேகம் ரெண்டு மடங்கானா தூரம் நாலு மடங்காகும்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க, ஷாட்புட் கைய விட்டுப் போறப்ப நொடிக்கு 14 மீட்டர் கிட்ட, ஹேமர் 28க்கு மேல, அதாவது மணிக்கு 100 கிலோமீட்டர். அவ்வளவுதான் கணக்கு.

ஆனா அந்த வேகம் எங்கருந்து வருதுங்கிறதுதான் அழகு. ஷாட்புட்ட கையால தள்ளுற தூரம் ரெண்டு மீட்டர் கூட வராது. ஹேமரோ, கம்பி நீளமும் கை நீளமும் சேந்து ஒரு சுத்துக்குப் பத்து மீட்டர் ஓடுது, நாலு சுத்துன்னா நாப்பது. அவ்வளவு தூரமும் வேகம் ஏத்திக்கிட்டே போகலாம்.

சரி, எப்படி ஏத்துறது? கம்பியால இழுக்கத்தான முடியும், தள்ள முடியாதே. இழுப்பு நேரா வட்டத்தோட நடுவுக்குப் போனா குண்டு திரும்புமே தவிர ஒரு பொட்டு வேகம் கூடாது. இங்கதான் எனக்கு கார்த்திகை ஞாபகம் வருது. பனம்பூவச் சுட்டு, கரிய இடிச்சு, பழந்துணில சுருட்டி, பிளந்த பனமட்டைக்கு நடுவுல வச்சுக் கட்டி, கயித்துல மாட்டி மாவலி சுத்துவோம்ல, அப்ப உங்க கையப் பாத்திருக்கீங்களா? கை ஒரே இடத்துல நிக்காது, மாவலிக்குக் கொஞ்சம் முன்னாடியே ஒரு சின்ன வட்டம் போட்டுக்கிட்டே இருக்கும். அதனால கயிறு நேரா நடுவுக்கு இழுக்காம கொஞ்சூண்டு முன்பக்கமாவும் இழுக்கும், அந்தக் கொஞ்சூண்டுதான் வேகமா மாறுது! ஹேமர்லயும் அதேதான், ஆனா அங்க கை மட்டும் பத்தாது, உடம்பே சுத்தணும், உடம்பு முறுக்கிச் சுத்த தரைய ரெண்டு காலாலயும் மிதிக்கணும். ஒத்தக் கால்ல நிக்கிறப்ப பெருசா வேகம் ஏறாது. அதான் வீடியோவ மெதுவா ஓட்டிப் பாருங்க, இடது கால் குதிகால்லயும் முன்பாதத்துலயும் மாறி மாறி உருள, தூக்கின வலது கால எவ்வளவு சீக்கிரம் கீழ வைக்கிறாங்கன்னு.

கடைசிச் சுத்துல கம்பி இழுக்குற இழுப்பு சுமார் 180 கிலோ, மூணரை சிமெண்ட் மூட்டை. அதத் தாங்கத்தான் பின்னாடி சாஞ்சு உக்கார்ற மாதிரி நிக்கிறாங்க.

இதெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கப்ப, பொம்பளப் பிள்ளை இரும்பத் தூக்கிச் சுத்தினா பிள்ளைப்பேறு இருக்காதுன்னு வீட்டுப் பெரியவங்க ஒருத்தங்க சொன்னாங்க. அதுல உண்மையே இல்ல, எனக்கு ரொம்ப வருத்தம். இந்த மாதிரிப் பயம் எத்தனை பிள்ளைங்கள மைதானத்துக்கே வர விடாம நிறுத்தியிருக்கு. ஒலிம்பிக்ல ஆம்பளைங்க 1900லயே ஹேமர் வீசினாங்க, பெண்களுக்கு 2000 சிட்னிலதான் இடம் கிடைச்சுது, அதுல போலந்தோட கமிலா ஸ்கோலிமோவ்ஸ்கா 17 வயசுல 71.16 மீட்டர் வீசி ஜெயிச்சா. இந்தப் பயம் போக அறிவியல் வேணும். நம்ம ஊர்லயே வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்துத்தான் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்துச்சு. அதே மாதிரி விளையாட்டு அறிவியலுக்கும் ஒரு லேப் இங்க வந்தா எங்க பிள்ளைங்க எவ்வளவு தூரம் போவாங்க.

இனி விடுற நேரம். மாவலிப் பொறி நடுவுலருந்து வெளிய பாயிறதில்ல, அந்த நொடில கரி எந்தப் பக்கம் ஓடிக்கிட்டு இருந்துச்சோ அந்தப் பக்கமே தொடுகோட்டுல நேராப் பறக்கும். குண்டும் அப்படித்தான். விழ வேண்டிய இடத்தோட அகலம் 34.92 டிகிரி, குண்டு நொடிக்கு ரெண்டரை சுத்து சுத்துறப்ப அந்தக் கோணத்தக் கடக்க 0.04 நொடி, கண் சிமிட்டுற நேரம் கூட இல்ல. அதுக்குள்ள விரல் விடணும், தப்பினா கோட்டுக்கு வெளிய விழும், இல்லன்னா சுத்திக் கட்டியிருக்கிற பாதுகாப்பு வலைல போய் மோதும்.