எந்தக் குஞ்சு எந்தக் கோழியுடையது?

முட்டையாக இருக்கும் வரை அடையாளத்துக்குக் கவலை இல்லை. எந்தக் கோழி இட்டது, என்றைக்கு இட்டது என்று ஓட்டின் மேலேயே எழுதிவிடலாம். முட்டையைச் சூட்டில் வைத்துப் பொரிக்கும் இன்குபேட்டரில் எத்தனை முறை திருப்பினாலும் எழுத்து முட்டையோடுதான் இருக்கும். 21ஆம் நாள் குஞ்சு வெளியே வந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. பெயர் எழுதிய ஓடு ஓரிடத்தில் கிடக்கும். குஞ்சோ ஈரம் காய்வதற்குள் தடுமாறி எழுந்து, பொரிக்காத முட்டைகள் மேல் ஏறி இறங்கி, அவற்றையும் உருட்டிவிட்டு, ஏதோ ஒரு மூலையில் மற்றக் குஞ்சுகளோடு ஒண்டிக்கொள்ளும். ஒரே இனம் என்றால் கண்ணால் பார்த்துப் பிரிக்கவே முடியாது. ஆகவே ஓட்டில் இருந்த பெயர் குஞ்சின் காலுக்குப் போய்ச் சேரும் வரை, நடுவில் சில மணி நேரம் அதை வேறொன்று தாங்க வேண்டும். அதற்குத்தான் இன்குபேட்டருக்குள் தடுப்பறைகள்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? உடன்பிறந்தவை தங்களுக்குள் இணை சேராமல் பார்த்துக்கொள்வது எல்லாருக்கும் தெரிந்த காரணம். அதைவிட ஆழமான காரணமும் உண்டு. மெண்டல் பட்டாணியில் கண்ட மரபு விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்று ஆங்கிலேய மரபியலாளர் வில்லியம் பேட்சன் 1902இல் காட்டியது கோழிக் கொண்டையை வைத்துத்தான். ரோஜாக் கொண்டை எத்தனை, ஒற்றைக் கொண்டை எத்தனை என்று எண்ணி விகிதம் பார்க்க வேண்டுமானால், ஒவ்வொரு குஞ்சின் பெற்றோரும் இன்னார் என்று உறுதியாகத் தெரிய வேண்டும். பெற்றோர் கலந்துவிட்டால் விகிதமும் கலைந்துவிடும்.

பொரிக்காத முட்டைக்கும் இது பொருந்தும். ஜப்பானியக் குட்டைக்கால் பாண்டம் கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காலைக் குட்டையாக்கும் மரபணு ஒரு பிரதி இருந்தால் கோழி நன்றாகவே வாழும். இரண்டு பிரதி சேர்ந்துவிட்டால் கரு ஓட்டுக்குள்ளேயே செத்துவிடும். குட்டைக்கால் சேவலையும் குட்டைக்கால் பெட்டையையும் சேர்த்தால் சராசரியாகக் கால்வாசிக் கரு இப்படிப் போகும். ஜோடிவாரியாகக் கணக்கு வைத்திருந்தால் இது பளிச்சென்று தெரியும். எல்லா முட்டையையும் ஒன்றாகக் கொட்டி வைத்தால், இன்குபேட்டரில் சூடு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து அதைத் திருகிக்கொண்டிருப்போம்.

பிரித்து வைக்கும் வேலை இன்குபேட்டரில் தொடங்குவதில்லை, கூண்டிலேயே தொடங்கிவிடுகிறது. பெட்டைக் கோழியின் முட்டைக் குழாயில் விந்தணுக்களைச் சேமித்து வைக்கும் நுண்ணிய குழல்கள் இருக்கின்றன. ஒருமுறை சேவலோடு சேர்ந்தால் இரண்டு மூன்று வாரம் வரை அந்தச் சேமிப்பிலிருந்தே முட்டைகள் கருவுறும். சேவலை மாற்றிய மறுவாரமே முட்டை பொறுக்கி அடை வைத்தால், அப்பன் பழைய சேவலா புதுச் சேவலா என்று சொல்ல முடியாது. மூன்று வாரம் காத்திருந்து அதற்குப் பிறகு வரும் முட்டையை எடுப்பதுதான் பத்திரம். தாய் யார் என்பதற்கும் ஏற்பாடு வேண்டும். பல பெட்டைகள் ஒரே கூண்டில் இருந்தால், கோழி உள்ளே நுழைந்ததும் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் முட்டைப் பெட்டிகளை வைப்பார்கள். கோழியை வெளியே விடும்போதே அதன் எண்ணை முட்டையில் எழுதிவிடலாம்.

எழுதுவதற்குப் பென்சில் போதும். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு; கரு மூச்சு விடுவது அவற்றின் வழியாகத்தான். மார்க்கர் மையில் உள்ள கரைப்பான் அந்தத் துளைகளை அடைக்கவோ உள்ளே இறங்கவோ நாமாக ஏன் இடம் கொடுக்க வேண்டும்? எழுதும் இடமும் முக்கியம். குஞ்சு ஓட்டை அகன்ற முனைக்குக் கொஞ்சம் கீழே வட்டமாக வெட்டி, மேல்மூடியைத் தள்ளிக்கொண்டு வரும். அந்த மூடியில் மட்டும் எழுதியிருந்தால், அது தனியாகக் கழன்று எங்கேயாவது போய்விடும். சில சமயம் பக்கத்து முட்டையின் முனையில் தொப்பியாகக் கவிழ்ந்து, உள்ளே இருக்கும் குஞ்சு வெளியேற முடியாமல் அடைத்தும்விடும். முட்டையின் பக்கவாட்டில், நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே எழுதுங்கள். பெரிய துண்டு அங்கேயே கிடக்கும்.

தடுப்பறைக்கு மாற்றும் நாள் 18. முதல் 18 நாளும் கரு சவ்வில் ஒட்டிக்கொள்ளாமலிருக்க முட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்; அப்போது தடுப்பு இடைஞ்சல்தான். அதற்குப் பிறகு குஞ்சு, அகன்ற முனையில் காற்று நிறைந்திருக்கும் காற்றறைப் பக்கம் தலை வைத்துப் பொரிக்கும் நிலைக்கு வரத் தொடங்கும், திருப்புவதை நிறுத்திவிடலாம். வெளிச்சத்தில் பார்த்து, வளராதவற்றை ஒதுக்கி, எந்த ஜோடியில் எத்தனை ஒதுக்கினோம் என்று எழுதிவிட்டு, மிச்சத்தை ஜோடிக்கு ஓர் அறையாகப் பிரித்து வைக்கலாம். தாய்வாரியாகக் கணக்கு வேண்டும் என்றால் தாய்க்கு ஓர் அறை.

அறை எதனால் ஆனது என்பதில் அலட்சியம் கூடாது. பிளாஸ்டிக் டப்பாவையோ அட்டைத் தடுப்பையோ வைத்தால் காற்றோட்டம் நின்றுவிடும். கடைசி நாட்களில் கரு தானே நிறைய வெப்பம் விடும், உயிர்வளியும் அதிகம் கேட்கும். காற்று நுழையாத மூலையில் சூடு ஏறி, கரியமில வாயுவும் தங்கிவிடும். தெர்மாமீட்டர் 37.5 டிகிரி செல்சியஸ் காட்டிக்கொண்டிருக்கும், அந்த மூலை முட்டை வெந்துகொண்டிருக்கும். அதனால் சுவர் வலையாக இருக்க வேண்டும். கண்ணி 6 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் தலையோ காலோ சிக்காது. வெட்டிய கம்பி முனைகளை வெளிப்பக்கமாக மடித்துவிட வேண்டும். மேலே மூடி கட்டாயம் வேண்டும். பிறந்து சில மணி நேரக் குஞ்சு இவ்வளவு உயரம் ஏறுமா என்று தோன்றும். முட்டையையும் உடன்பிறப்புகளையும் படியாக்கிக்கொண்டு அது ஏறிவிடும். தரை வழுக்கினால் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து அப்படியே நின்றுவிடும் ஆபத்து உண்டு. சொரசொரப்பான ரப்பர் விரிப்பு போட்டால் அந்தப் பயம் இல்லை.

இடம் போதாவிட்டால் துணி துவைக்கும் வலைப்பையில் இரண்டு மூன்று முட்டையைப் போட்டு வாயைக் கட்டலாம். குஞ்சு கால் நீட்டி உதைக்கும் அளவுக்குப் பை தளர்வாக இருக்க வேண்டும். வெங்காயப் பை வேண்டாம். அதன் பெரிய கண்ணியில் விரல் மாட்டிக்கொண்டு முறுக்கிக்கொள்ளும்.

இந்த மூன்று நாளும் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் இருப்பது நல்லது. குஞ்சு முதலில் உள்சவ்வைக் கிழித்துக் காற்றறைக்குள் மூச்சு விடுகிறது, அப்புறம் ஓட்டில் ஒரு சின்ன விரிசல். அதன்பின் பல மணி நேரம் அசைவே இருக்காது. செத்துவிட்டதோ என்று பதறத் தேவையில்லை. சவ்வில் உள்ள ரத்தம் உடம்புக்குத் திரும்புவதும், மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் போவதும் அந்த நேரத்தில்தான் நடந்து முடிகிறது. இந்தச் சமயத்தில் கதவைத் திறந்தால் ஈரம் சட்டென்று இறங்கி, சவ்வு நனைந்து காய்ந்த காகிதம் போல விறைத்துக் குஞ்சைச் சுற்றி இறுகிவிடும். தடுப்பறையின் பெரிய நன்மை இதுதான் என்பேன். தடுப்பு இல்லையென்றால், கலந்துவிடுமே என்று ஒவ்வொரு குஞ்சுக்கும் கதவைத் திறக்கக் கை பரபரக்கும். தடுப்பு இருந்தால் திறக்கவே வேண்டாம். வயிற்றுக்குள் போன மஞ்சள் கரு கிட்டத்தட்ட மூன்று நாளுக்குக் குஞ்சைத் தாங்கும். முதலில் பொரித்தது பசியால் வாடாது.

பிரித்து வைத்தால் குஞ்சுகள் ஒன்றையொன்று கேட்காமல் போய்விடுமோ என்று ஒரு கேள்வி வரலாம். நியாயமான கேள்வி. 1960களில் மார்கரெட் வின்ஸ் என்ற ஆய்வாளர் காடை முட்டைகளை ஆராய்ந்தபோது, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் முட்டைகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொரிப்பதையும், ஓட்டுக்குள்ளிருந்து வரும் டிக் டிக் ஒலியும் அதிர்வும் அதற்குத் துணை போவதையும் கண்டார். ஒரே அறைக்குள் உள்ள முட்டைகளை ஒட்டி வைத்தால் அந்தத் தொடுகை கெடாது. வலைச் சுவர் ஒலியையும் மறிக்காது.

எல்லாம் பொரித்து உலர்ந்த பிறகு, ஓர் அறையை மட்டும் வெளியே எடுத்து, அதிலுள்ள குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் அடையாளம் போட்டு முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். அவசரத்தில் இரண்டு அறைகளை ஒன்றாக மேசையில் வைத்தால் மூன்று நாள் பட்ட பாடு ஒரு நிமிடத்தில் போய்விடும். வண்ணக் கால்வளையம் எளிது, ஆனால் கால் வேகமாகத் தடிக்கும். சில நாளுக்கு ஒருமுறை பார்த்துப் பெரிய வளையமாக மாற்றாவிட்டால் தோலில் இறங்கிவிடும். பெரிய பண்ணைகளில் இறக்கையில் எண் பட்டை மாட்டுவது உண்டு. விரலிடைச் சவ்வில் சிறு துளை போடுவது பழைய முறை. ஒரு காலுக்கு இரண்டு சவ்வு, ஆக நான்கு. ஒவ்வொன்றிலும் துளை உண்டு அல்லது இல்லை என்றால் 16 விதமான குறிகள் கிடைக்கும். துளை சுத்தமாக விழாவிட்டால் மூடிக்கொள்ளும் என்பதால் மறுநாள் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அறையில் மிஞ்சிய முட்டைகளையும் உடைத்துப் பார்த்து, எந்த நிலையில் கரு நின்றது என்று அதே ஜோடியின் பக்கத்தில் எழுதுங்கள். எங்கேயோ மூடி விலகி ஒரு குஞ்சு நடுவழியில் நின்றால், இந்த அறையாகத்தான் இருக்கும் என்று ஊகிக்காமல் பெற்றோர் தெரியாதது என்று தனி வளையம் போடுங்கள். அதன் பெற்றோரைத் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் மரபணுச் சோதனை இருக்கிறது. குஞ்சின் ஒரு சொட்டு ரத்தத்தையோ இறகையோ சந்தேகப்படும் ஜோடிகளின் மாதிரிகளோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.