அடங்கதிர்வு: கருந்துளையின் மணியோசைக்கு ஒரு தமிழ்ச் சொல்

கோயில் மணியை ஒருமுறை அடித்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள். முதல் ஓசை அடித்தவரின் கைவலுவைச் சொல்லும். பிறகு நீண்டு, தேய்ந்து, அடங்கும் ஓசையோ மணியைப் பற்றி மட்டுமே பேசும்: எவ்வளவு பெரியது, என்ன உலோகம், எங்காவது விரிசல் உண்டா. இந்தப் பிற்பகுதிக்கு ஆங்கில இயற்பியலில் 'ரிங்டவுன்' என்று பெயர். 'ரிங்' என்பது மணியொலிப்பது, 'டவுன்' என்பது தணிந்துபோவது. கண்ணாடிகளுக்கு இடையே சிறைப்பட்ட ஒளி சிறிது சிறிதாக மங்குவதையும் ஆய்வுக்கூடங்களில் இதே சொல்லால் குறிப்பார்கள்.

காலவெளியில், அதாவது இடமும் காலமும் சேர்ந்த பின்னலில், பரவும் நடுக்கமே ஈர்ப்பலை. அதன் ஆய்வில் இச்சொல் குறிப்பது கருந்துளை மோதலின் கடைசிக் கட்டத்தை. இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி நெருங்குகின்றன, பிறகு இணைகின்றன. புதிதாகப் பிறந்த கருந்துளை முதலில் கோணலாக இருக்கிறது. அந்தக் கோணல் தீரும்வரை அது நடுங்குகிறது. உலோகம் எதுவும் அங்கே இல்லை, நடுங்குவது காலவெளியேதான். 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவிலுள்ள லைகோ என்னும் ஈர்ப்பலை உணர்கருவிகள் பதிவு செய்த முதல் மோதலில், சூரியனைப்போல் ஏறக்குறைய 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் சேர்ந்து 62 மடங்கு நிறையுள்ள ஒன்றாயின. மிச்சம் 3 சூரிய நிறை ஈர்ப்பலையாக வெளியேறியது. புதிய கருந்துளை நொடிக்குச் சுமார் 250 முறை அதிர்ந்து, சில மில்லிநொடிகளிலேயே அடங்கிவிட்டது.

இந்த நடுக்கத்தைக் காகிதத்தில் முதலில் கண்டவர் பெங்களூருவில் பிறந்த சி. வி. விஸ்வேஸ்வரா. கருந்துளை மீது ஓர் அலைத்துணுக்கை எறிந்தால் என்ன திரும்பி வரும் என்று கணக்கிட்டு, 1970இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். திரும்பி வந்தது தேய்ந்து அடங்கும் ஓர் அதிர்வு. 1975இல் சுப்ரமணியன் சந்திரசேகரும் ஸ்டீவன் டெட்வைலரும் அந்த அதிர்வெண்களை விரிவாகக் கணக்கிட்டார்கள். தாம் எழுதிய நடுக்கம் மெய்யாகவே கேட்டது என்ற அறிவிப்பை 2016 பிப்ரவரியில் விஸ்வேஸ்வரா உயிருடன் இருந்து கேட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. மறு ஆண்டு ஜனவரியில் அவர் காலமானார்.

ஈர்ப்புக் கோட்பாட்டைச் சோதிக்க இந்தத் தேயும் ஓசைதான் உரைகல். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல்படி, மின்னேற்றமில்லாத கருந்துளைக்கு நிறையும் சுழற்சியும் தவிர வேறு அடையாளம் இல்லை. மணியைப் போலவே கருந்துளையும் ஒரே நேரத்தில் பல விதமாக அதிரும். ஆகவே அந்த ஒவ்வோர் அதிர்வின் வேகத்தையும், அது அடங்கும் நேரத்தையும் அந்த இரண்டு எண்களே தீர்மானித்துவிடும். ஓர் அதிர்வை அளந்தால் நிறையும் சுழற்சியும் கிடைக்கும். இரண்டாவது அதிர்வையும் அளந்தால், அதுவும் அதே எண்களைத் தரவேண்டும். தராவிட்டால் கோட்பாட்டில் எங்கோ பிழை. சுற்றி நெருங்கும் கட்டத்தின் மாதிரியிலிருந்து கணித்த நிறையோடும் சுழற்சியோடும் ஒப்பிடுவது இன்னொரு வழி. இந்த ஒப்பீட்டு முறையை வகுத்ததில் பெங்களூருவிலுள்ள ஐசிடிஎஸ் என்னும் கோட்பாட்டு அறிவியல் மையத்தின் ஆய்வாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இனித் தமிழ்ச் சொல். நம் பாடநூல்களில் 'தடையுறு அலைவு' என்ற தொடர் இருக்கிறது. காற்றிலோ நீரிலோ ஆடும் ஊசலுக்கு அது சரி. கருந்துளையை எதுவும் தடுப்பதில்லை. அதிர்வின் ஆற்றல் அலையாக வெளியே போய்விடுகிறது, ஒரு பகுதி கருந்துளைக்குள்ளேயே விழுகிறது. தடை என்ற சொல் இங்கே தவறான படத்தைத் தரும். 'ரீங்காரம்' இனிய சொல், ஆனால் வண்டின் ரீங்காரம் அடங்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'ஓயதிர்வு' என்று எழுதிப் பார்த்தேன். காதில் 'ஓயாத அதிர்வு' என்று விழுந்து, பொருளே தலைகீழாகிவிடுகிறது.

நான் பரிந்துரைப்பது 'அடங்கதிர்வு'. அடங்கு, அதிர்வு இரண்டும் சேர்ந்த வினைத்தொகை. ஊறுகாயைப் போல இதுவும் முக்காலத்துக்கும் விரியும்: அடங்கிய அதிர்வு, அடங்குகின்ற அதிர்வு, அடங்கும் அதிர்வு. அதிரும்போதே அடங்கிக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு வினைத்தொகையைவிடப் பொருத்தமான இலக்கணம் எது? மோதலின் கட்டத்தைச் சொல்லும்போது 'அடங்கதிர்வுக் கட்டம்' எனலாம்.

ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்க்கலாம்: 2025 ஜனவரி 14 அன்று பதிவான, முதல் மோதலைவிட மூன்று மடங்குக்கும் மேல் தெளிவான ஈர்ப்பலையில், புதிய கருந்துளையின் இரண்டு அடங்கதிர்வுகள் பிரித்தறியப்பட்டன, இரண்டும் ஐன்ஸ்டைனின் கணக்கோடு ஒத்துப்போயின.