டைல்ஸ் தரையும் வயதான நாயும்

காசிமேட்டிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு பத்து வயது நாய் எழுந்திருக்கத் திணறினால், வீட்டில் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "வயசாயிடுச்சுப்பா." பதில் தப்பில்லை, ஆனால் பாதிதான். பல நாய்கள் படுத்தே கிடப்பது மூட்டு வலியால். அதற்குச் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

மூட்டில் எலும்பு நுனிகளை மூடியிருக்கும் குருத்தெலும்பில் நரம்பும் இல்லை, ரத்தக் குழாயும் இல்லை. அதனால் தேயத் தொடங்கும்போது வலி தெரியாது. தேய்ந்தது மறுபடி சரியாக வளர்வதும் இல்லை. சுற்றியுள்ள சவ்வு வீங்கி, அடியிலுள்ள எலும்பும் பாதிக்கப்படும்போதுதான் வலி தொடங்குகிறது. அப்போதும் நாய் பெரும்பாலும் கத்தாது. மாடிப்படிக்கு முன்னால் நின்று யோசிக்கும், இடுப்பைத் தொட்டால் உறுமும். கண்ணில் நீலப் பூச்சு தெரிந்தால் "பார்வை போச்சு, அதான் ஏறல" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த நீலம் பல சமயம் லென்ஸின் நார்கள் வயதோடு நெருக்கமாவதால் வருவது; பார்வை பெரிதாகக் குறையாது.

வலிக்கும் நாய் நடையைக் குறைக்கும். நடக்காவிட்டால் பின்தொடைச் சதை வற்றும். மூட்டைத் தாங்கிப் பிடிப்பதே அந்தச் சதைதான் என்பதால் வலி இன்னும் கூடும். நம்ம வீட்டு டைல்ஸ் இதை மோசமாக்குகிறது: எழும்போது பின்னங்கால்கள் வழுக்கி விரிகின்றன, பயந்த நாய் எழுவதையே தவிர்க்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையின் குறுகிய, செங்குத்தான படிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை ரப்பர் பாயோ கோணிச் சாக்கோ விரியுங்கள், நகத்தை வெட்டிவிடுங்கள். ஒரே நீண்ட நடைக்குப் பதில், வெயிலுக்கு முன்னும் பின்னும் இரண்டு சின்ன நடை போதும்.

எடையும் முக்கியம். 48 லேப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்ட நாய்களுக்கு மூட்டுத் தேய்மானம் தாமதமாகவே வந்தது; ஆயுளும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடியது. பாசத்தில் போடும் இன்னொரு கைப்பிடிச் சோறு மூட்டின் மேல்தான் ஏறுகிறது.

வீட்டு மருந்துப் பெட்டியை மட்டும் தொடாதீர்கள். ஐபுபுரூஃபன் வலியை உண்டாக்கும் ரசாயனங்களைத் தடுக்கிறது. வயிற்றின் உட்சுவரையும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் காப்பது அதே வகை ரசாயனங்கள்தான். நாய்க்கு அதனால் வயிற்றுப் புண், சிறுநீரகச் செயலிழப்பு வரை போகலாம். பாராசிட்டமால் கல்லீரலையும் ரத்தச் சிவப்பணுக்களையும் தாக்கும்.

நாய்களுக்கென்றே வலி மருந்துகள் உண்டு. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும் சரி, பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனாலும் சரி, அதைத் தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீரகத் திறனில் மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் பொதுவாக வெளியே அறிகுறி தெரியும். நாய் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறதா, அதிகமாக மூத்திரம் போகிறதா என்பதையும் கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள்.