டபிள் சொல்ல எப்போது துணியலாம்?

கிளிநொச்சியில் உயர்தரத்தில் கணிதம் படிக்கும் ஒரு தம்பி கேட்கிறார்: "போனில் பிரிட்ஜ் பழகுகிறேன். எதிராளி இரண்டு இஸ்கோப்பன் (ஸ்பேட்) கேட்டார். தோற்பார் என்று பட்டது, டபிள் சொன்னேன். அவர் வென்றுவிட்டார். அது அவ்வளவு பெரிய பிழையா?"

பெரிய பிழைதான், தம்பி. டபிள் என்பது 'கேட்டதை எடுக்கமாட்டீர்' என்று எதிராளிக்குச் சவால் விட்டு, வெற்றிக்கும் தோல்விக்கும் உரிய புள்ளியைக் கூட்டுவது.

வயல் வெட்டி முடிந்தால் மரநிழலில் 304 விளையாடும் வன்னி ஆட்களுக்குத் துரும்பும் கேள்வியும் புதிதல்ல. பிரிட்ஜில் 52 தாள், 13 பிடி (நாலு பேரும் ஆளுக்கொரு தாள் போடும் சுற்று ஒரு பிடி). முதல் ஆறு பிடி கணக்கில் வராது. ஆகவே இரண்டு கேட்டால் எட்டுப் பிடி, நாலு கேட்டால் பத்து.

சரி, கணக்குக்கு வருவோம். இஸ்கோப்பனில் ஒரு பிடிக்கு 30 புள்ளி. இரண்டு கேட்டு வென்றால் 60, அதோடு சிறு ஊதியம் 50, மொத்தம் 110. நீங்கள் டபிள் சொன்னதும் அந்த 60 என்பது 120 ஆகிறது. கேட்ட பிடிகளின் புள்ளி 100ஐத் தொட்டால் அது 'கேம்'. ஊதியம் 50இலிருந்து 300க்குத் தாவும். டபிளை வென்றதற்கு இன்னொரு 50. மொத்தம் 470! எதிராளி கேட்கத் துணியாத கேமை நீங்களே கையில் கொடுத்துவிட்டீர்கள். நட்டம் 360. அவர் ஒரு பிடியால் தோற்றிருந்தாலோ 50க்குப் பதில் 100. உங்கள் லாபம் வெறும் 50. ஒரு பிழையை ஈடுகட்ட ஏழு தடவைக்கு மேல் சரியாகச் சொல்லவேண்டும்.

நாலு இஸ்கோப்பனில் கேம் ஏற்கெனவே உண்டு. 420 என்பது 590 ஆகும், நட்டம் 170தான். இரண்டு பிடியால் தோற்பார் என்றால் 100க்குப் பதில் 300, லாபம் 200. உயரக் கேட்டவரை டபிள் செய்வதே மலிவு என்பது எனக்கு இன்றும் வியப்பு. (கேம் ஊதியமும் தோல்வித் தண்டமும் கூடும் 'வல்னரபிள்' நிலையில் எண்கள் மாறும்.)

சிலர் கைராசி இல்லையென்று பாயைத் திருப்பிப் போடுவார்கள். தாளுக்குப் பாய் தெரியாது. எதிரணியிடம் எட்டுத் துரும்பு என்றால் மீதி ஐந்து உங்களுக்கும் கூட்டாளிக்கும் இடையே 3-2 என்று பிரிய 68 வீதம், 4-1 என்று பிரிய 28 வீதம். அந்த நாலும் உங்களிடம், அதுவும் கேட்டவருக்கு அடுத்து ஆடும் கையில் இருந்தால், அதுதான் ராசி.

ஆனால் டபிள் சொன்ன கணமே துரும்பு எங்கே குவிந்திருக்கிறது என்று கேட்டவர் மோப்பம் பிடித்துவிடுவார். அதற்கேற்ப ஆடி ஒரு பிடியை மீட்டும் விடுவார். அதனால் ஒரு பிடியால்தான் தோற்பார் என்று பட்டால் நான் வாயே திறப்பதில்லை.